கழுத்துக்குக் கீழே காலமானவர்

கல்கத்தாவில் டாலிகஞ்ச் பக்கம், ஸ்டுடியோக்கள் இருக்கும் பேட்டையில், இன்றைக்கும் யாரையாவது நிறுத்தி, நடிகர் பிரியதோஷ் லாஹிரியின் முகம் வயதாகாமல் நின்றுபோனது எப்போது என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ தெருவுக்குத் தண்ணீர்க்குழாய் வந்த தேதியைச் சொல்வதுபோல, ‘மூன்றாம் பிளாட்பாரம்’ படம் ஓடிய பத்தொன்பதாவது வாரம், வியாழக்கிழமை, மத்தியான ஆட்டத்துக்கும் மாலை ஆட்டத்துக்கும் நடுவில் என்று பதில் வரும். ஏன் நின்றது என்று கேட்டால், நின்றது, அவ்வளவுதான், நிற்கக்கூடாதா என்று உங்களையே முறைப்பார்கள்.

அதற்கு முன்னால் அவர் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. ராணாகாட்டில் ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரின் மூன்றாவது பிள்ளை. ஏழு படங்களில் நடித்து ஏழும் ஒரு வாரத்தைத் தாண்டாமல், தயாரிப்பாளர்கள் எதிரே வந்தால் சந்துக்குள் ஒதுங்கிக்கொண்டிருந்த மனிதர். எட்டாவது படமான ‘மூன்றாம் பிளாட்பாரத்தில்’, மழையில், காதலியை இன்னொருவனோடு ரயிலேற்றிவிட்டு, கண்ணில் நீர் முட்ட, இடது உதட்டோரம் மட்டும் மேலேற ஓர் அரைச்சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகப் படம் நாற்பத்தோரு வாரம் ஓடியது. பெண்கள் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தே அழுதார்கள், காலேஜ் பையன்கள் கண்ணாடி முன் நின்று இடது உதட்டை இழுத்து இழுத்துப் பழகினார்கள், இனிப்புக் கடைக்காரர் ஒருவர் அந்த முகத்தை மர அச்சில் செதுக்கி சந்தேஷ் போட்டு விற்க, ஜனங்கள் வாங்கி முதலில் மூக்கைக் கடித்தார்கள். இத்தனை பேர் ஒரே முகத்தை ஒரே சமயத்தில் ‘இப்படியே இரு, இப்படியே இரு’ என்று வேண்டிக்கொண்டால் பாவம் அது என்னதான் செய்யும், இருந்துவிட்டது.

அதை முதலில் கண்டுகொண்டவன் சாரங்கன், அவருடைய மேக்கப்மேன். லேக் மார்க்கெட் தமிழன், கப்பல் கம்பெனி டைப்பிஸ்டின் மகன். பேச்செல்லாம் வங்காளத்தில்தான், திட்டுவதற்கு மட்டும் தமிழை வைத்துக்கொண்டிருந்தான், ஸ்டுடியோவில் ஒருத்தருக்கும் புரியாது என்ற சௌகரியத்தில். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு அந்த முகத்தைத் தெரிந்த அளவு அதைப் பெற்றவளுக்கும் தெரியாது. வலது கண்ணோரம் விழத் தொடங்கியிருந்த சுருக்கம் பாதியில் நின்றுவிட்டதை இரண்டாம் வருஷம் பார்த்தான். ஏழாம் வருஷம், கழுத்து மட்டும் முகத்தை விட்டுவிட்டு முன்னே போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தான். பன்னிரண்டாம் வருஷம் ஒரு காதிலிருந்து மறு காதுவரை தாடைக்கு அடியில் ஒரு கோடே விழுந்துவிட்டது. கோட்டுக்கு மேலே முப்பத்துமூன்று வயது, வெண்ணெய் மாதிரி. கீழே வருஷா வருஷம் நாற்பத்தைந்து, ஐம்பது, அறுபது என்று ஏறிக்கொண்டே போன தோல், தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி.

அந்தக் கோட்டை ஊர் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருப்பதுதான் சாரங்கனுக்கு மிச்ச ஆயுளெல்லாம் உத்தியோகம். முகத்துக்கு மேக்கப் தேவைப்படவில்லை; கழுத்துக்கும் கைகளுக்கும் காதுக்குப் பின்புறத்துக்கும்தான் தேவைப்பட்டது. சித்திரை வைகாசியில், விளக்குச் சூட்டில், வேர்வையும் பூச்சும் அந்தக் கோட்டில் இறங்கித் தேங்கி, சீழ் கட்டி, புளித்து மூன்று நாளான இட்லி மாவின் வாடை அடிக்கும். சாரங்கன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பஞ்சால் ஒற்றி எடுப்பான், பஞ்சு மஞ்சளாக வரும், மேலே அந்த அரைச்சிரிப்பு மாறாமல் இருக்கும். வாயைத் திறந்தால் இன்னும் மோசம். முப்பத்துமூன்று வயதுப் பல்வரிசைக்குப் பின்னாலிருந்து அறுபது வயது வயிற்றின் ஏப்பம் வரும். கதாநாயகிகள் கண்ணை மூடிக்கொண்டு அவர் தோளில் சாய்ந்ததைப் பார்த்து ஜனங்கள் காதலென்று உருகினார்கள். அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது சாரங்கனுக்குத் தெரியும்.

ஊர் இதை ஏற்றுக்கொண்ட விதம்தான் விசேஷம். ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஒருமுறை வந்து பார்த்து, டீ குடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பத்திரிகைகளில் ஆசிரியருக்கு ஒரு மாதம் கடிதம் வந்தது, அதுவும் ஏன் என்றல்ல, இந்தப் பெருமை தெற்குக் கல்கத்தாவுக்கா ராணாகாட்டுக்கா என்று. பிள்ளை பெற்ற தாய்மார் குழந்தையைத் தூக்கிவந்து அந்தக் கன்னத்தில் குழந்தையின் கன்னத்தை ஒருதரம் தேய்த்துவிட்டுப் போனார்கள், எச்சில் வழிந்த கன்னம், சளி பிடித்த கன்னம் எல்லாம். கழுத்தைப் பார்க்கக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் யாரும் பார்க்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் குளிர் வந்துவிட்டதென்று மஃப்ளரைச் சுற்றிக்கொள்ளும் ஊர் அது. அதில் ஒருவர் மட்டும் வருஷம் முழுக்க மஃப்ளரோடு திரிந்தால் தொண்டையை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்கிறார், நடிகரல்லவா, என்றார்கள். ‘நம்ம பிரியோ-தா’ என்றார்கள், நம்ம பிரியோ அண்ணன் என்று, சொந்த வீட்டுப் பாத்திரத்தைச் சொல்வதுபோல.

நின்றுபோனது வயது மட்டும் என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். சிரிப்பும் நின்றுவிட்டிருந்தது, அதாவது, போகாமல் நின்றுவிட்டிருந்தது. கோபப்பட்டால் அரைச்சிரிப்பு, பல்வலி வந்தால் அரைச்சிரிப்பு. அவருடைய அம்மா செத்தபோது, பாடையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவரின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிய, உதடு இடப்பக்கம் ஏறியே இருந்தது. மறுநாள் பத்திரிகையில் ‘துக்கத்திலும் புன்னகை’ என்று முதல் பக்கத்தில் படம் போட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதற்கு மூன்றாம் வருஷம், பெரிய டைரக்டர் ஒருவர், வாழ்நாளில் ஒருமுறை வரும் வேஷம் ஒன்றைக் கொண்டுவந்தார். பசியால் வாடும் தம்பியின் ரேஷன் அட்டையைத் திருடி விற்கும் குமாஸ்தா. பிரியதோஷ் மூன்று மாதம் அதையே தின்று அதையே உறங்கினார். முதல் ஷாட். திருட வேண்டும், திருடிவிட்டுத் தன்னையே வெறுக்க வேண்டும். குரலில் எல்லாம் இருந்தது, தோளில் இருந்தது, விரல் நடுங்கிய நடுக்கத்தில் இருந்தது, சாரங்கனுக்கு மயிர் கூச்செறிந்தது. முகம் மட்டும் மழையில் ரயிலேற்றிவிட்டுக்கொண்டிருந்தது. பதினான்கு டேக். டைரக்டர் நல்ல மனுஷர், பாக்கெட்டிலிருந்து சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. பிரியதோஷ் மேக்கப் அறைக்கு வந்து வாந்தி எடுத்தார். சாரங்கன் வாளியைப் பிடித்தான். வாந்தி எடுக்கும்போதும் அந்த முகம் சிரித்ததை அவன் பார்த்தான், சீ என்றிருந்தது அவனுக்கு, யார்மேல் என்று தெரியாமலே.

பிறகு அவர் வேஷம் எதையும் தேடவில்லை. நூற்றுத் தொண்ணூறு படம் நடித்தார், எல்லாவற்றிலும் காலேஜ் மாணவர், எல்லாவற்றிலும் மழை. எழுபது வயதில் இருபது வயதுப் பெண்ணோடு சைக்கிள் ஓட்டினார், தூரத்து ஷாட்டில் வேறொருவன் ஓட்ட. இரண்டு கட்சிகளும் மாறி மாறி மேடையேற்றின. துர்கா பூஜை வந்தால் பேட்டைக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு ரிப்பன், ஒவ்வொரு ரிப்பனையும் அவர் வந்து வெட்டியாக வேண்டும். பிரியோ-தா ரிப்பன் வெட்டாத பந்தலில் தேவி கண் திறக்கமாட்டாள் என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. சாரங்கன் கூடவே போவான், பஞ்சும் பூச்சும் பெட்டியில் வைத்துக்கொண்டு. அந்த ஜனங்களை அவன் வெறுத்தான். அவர்கள் கொடுத்த லூச்சிப் பூரியையும் ஆலூர்தம் உருளைக்கிழங்கையும் மூன்று தட்டு சாப்பிட்டான், அதற்காகத் தன்னையும் வெறுத்தான்.

எண்பத்தொன்றாம் வயதில் அவர் படுக்கையில் விழுந்தார். மனைவி சுலேகா, பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள், பிள்ளை குட்டி கிடையாது. அவளை சாரங்கன் பௌதி என்பான், அண்ணி என்று. ஒருநாள் மத்தியானம் மீன் ரசம் ஊட்டிவிட்டு அவள் உள்ளே போனதும் பிரியதோஷ் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சாரங்க், ஒண்ணு செய்வியா?”

“சொல்லுங்க பிரியோ-தா.”

“இந்த மூஞ்சியோட என்னை எரிச்சிடாதே. எனக்குன்னு ஒரு மூஞ்சி இருந்திருக்கணுமில்ல, எண்பத்தொரு வயசு மூஞ்சி. அது எங்க போச்சோ தெரியல. நீயாவது வயசு போட்டு அனுப்பு.”

சொல்லும்போதே உதடு இடப்பக்கம் ஏறியிருந்தது. விளையாட்டா, கெஞ்சலா, ஒன்றும் பிடிபடவில்லை. நாற்பத்தெட்டு வருஷமாக எதுவும்தான் பிடிபட்டதில்லை. “ஆகட்டும் பிரியோ-தா” என்று சொல்லிவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினான்.

மகாளயத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை அவர் இறந்தார். டாக்டர் வந்து நாடி பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார், இதயம் நின்றுவிட்டது, உடம்பு குளிர்ந்துகொண்டிருந்தது, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நிமிர்ந்தவரைப் பார்த்து முகம் கண் சிமிட்டி அரைச்சிரிப்புச் சிரித்தது. டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ‘கழுத்துக்குக் கீழே காலமானார்’ என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிய அதிகாரி ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

பெரியவர்கள் யார் செத்தாலும் ஜனங்கள் பார்ப்பதற்கு அரசாங்க மண்டபத்தில் வைப்பது அந்த ஊர் வழக்கம். வைத்தார்கள். நெற்றியில் சந்தனப் பொட்டு வரிசை, கழுத்துவரை ரஜனிகந்தா மாலை, அதாவது சம்பங்கி, மலை மலையாக. வரிசை எட்டு கிலோமீட்டர் போனது. வருகிற ஒவ்வொருவரையும் அந்த முகம் பார்த்தது, கண் சிமிட்டியது, உதட்டை அசைத்தது. தொண்டை செத்துவிட்டதால் சத்தம் வரவில்லை, ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் அது தம் பெயரைச் சொன்னதாகவே சொன்னார்கள். ஒருநாளில் எரித்துவிடுவதாக இருந்தது. சிரிக்கிறவரை எப்படி எரிப்பது என்று மந்திரி கேட்டார். அதுவும் சரிதான் என்றார்கள்.

மூன்றாம் நாள் வீச்சம் எழுந்தது. புரட்டாசிப் புழுக்கம், மின்விசிறி எல்லாவற்றையும் சுழற்றிச் சுழற்றி மண்டபம் முழுக்கப் பரிமாறியது. பாளம் பாளமாக ஐஸ் வைத்தார்கள், உருகிய தண்ணீர் பழுப்பாகப் படிகளில் இறங்கியது, வரிசையில் நின்றவர்கள் புடவையையும் பேண்ட்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் நின்றார்கள். மூக்கில் மஃப்ளர் கட்டிக்கொண்டார்கள், கேட்டால் மரியாதைக்கு என்றார்கள். ஒருத்தருக்கும் அது நாற்றமாகவே படவில்லை. “சம்பங்கி அழுகினா அப்படித்தான் இருக்கும்” என்றார் ஒரு பெரியவர், கூட்டம் தலையாட்டியது. பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் வரிசையை விட்டு விலகி ஓரமாகப் போய்க் குமட்டி வாந்தி எடுத்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “என் இடம், என் இடம், இவருக்குப் பின்னால நான்தான்” என்று திரும்ப வந்து நுழைந்துகொண்டாள். ஒரு பக்கம் சந்தேஷ் விற்பனை ஜோராக நடந்தது. சாரங்கன் பஞ்சோடு கட்டிலருகே நின்று கோட்டில் கசிந்ததைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்காதே என்று யாரும் சொல்லாததால் துடைத்தான்.

நாலாம் நாள் திறந்த லாரியில் ஊர்வலம். பிரியோ-தா உயிரோடு இருந்தபோது ஐந்து பந்தலுக்குத் தேதி கொடுத்திருந்தார், கொடுத்த வாக்கை அவர் மீறியதே இல்லை என்றார் ஹாபுல் சர்க்கேல். அவர் அந்தப் பேட்டைச் சங்கத்தின் செயலாளர், எந்நேரமும் வியர்த்துக்கொண்டும் யாருக்காவது போன் செய்துகொண்டும் இருப்பவர், அந்த முகத்தை வைத்தே பெரியவரானவர். நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி, கத்தரிக்கோலை விரல்களில் மாட்டி, இரண்டு தொண்டர்கள் மேலிருந்து அமுக்க, ரிப்பன் வெட்டுப்பட்டது. பெண்கள் குலவையிட்டார்கள், தாக்கு மேளம் முழங்கியது, முகம் எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. மூன்றாவது பந்தலில் ரிப்பனோடு சேர்ந்து ஒரு நகமும் வந்துவிட்டது. தொண்டன் ஒருவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள, மற்றவர்கள் பிரசாதத்தைப் பதுக்குகிறானென்று அவனை அடித்தார்கள். சாரங்கன் லாரியின் பின்சக்கரத்தருகே உட்கார்ந்து, தமிழில், தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான்.

ஆறாம் நாள் உடம்பு தாங்காது என்று தெரிந்துவிட்டது. வயிறு ஊதி சட்டைப் பித்தான் தெறித்துவிட்டது. மண்டபத்தின் பின்னறையில் கமிட்டி கூடியது, அங்கே எடுத்த முடிவைச் சொல்ல சுலேகாவிடம் ஹாபுல் வந்தார். எழுபத்தாறு வயது, ஆறு நாளாக ஒரு மூலையில் அதே வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள்; வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டித்தான் முகத்தைப் பார்க்கப் போனார்கள்.

“பௌதி, நாங்க யோசிச்சுப் பாத்தோம். உடம்பு உங்களுக்குத்தான். அதுல யாரும் பங்கு கேக்கமாட்டோம். நீங்க தாராளமா எடுத்துட்டுப் போய் எரிச்சுக்கோங்க. முகம் மட்டும் ஜனங்களோடது. கண்ணாடிப் பெட்டி சொல்லியாச்சு.”

சுலேகா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “ஹாபுல், உங்கப்பா செத்தாரே, அவரை எத்தனை துண்டா எரிச்சே?”

“அவர் வேற பௌதி. அவரை யாருக்குத் தெரியும்?”

பிறகு அவர் சாரங்கன் பக்கம் திரும்பினார். “சாரங்க்-தா, அந்தக் கோடு உங்களுக்குத்தான் அத்துப்படி. டாக்டர் வெட்டுவாரு, நீங்க வரைஞ்சு மட்டும் குடுத்துடுங்க. கீழ போனா அசிங்கம், மேல போனா தாடை போயிடும். அப்புறம் காலத்துக்கும் முகத்தைப் பாத்துக்கற பொறுப்பு உங்களோடதுதான். உங்களை விட்டா யாரு?”

சாரங்கனுக்கு உடனே முடியாது என்று சொல்ல வரவில்லை. இதை அவன் பின்னாளில் யாரிடமும் மறைக்கவில்லை. முகம் போய்விட்டால் அவன் யார், லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும் ஒரு கிழவன். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தன்னை ஒரு கணம் பார்த்தான், அந்தக் காட்சி அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டான்.

ஹாபுல் அந்தப் பக்கம் போனதும் சுலேகா தணிந்த குரலில் சொன்னாள்: “அவரை முழுசா எரிக்கணும், சாரங்க். நான் வேறெதுவும் கேக்கல. முழுசா.”

“எங்கிட்ட அவர் ஒண்ணு கேட்டாரு பௌதி” என்றான். கேட்டதைச் சொன்னான்.

“அப்ப செய்யேன்” என்றாள், இதற்கா ஆறு நாள் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றாய் என்பதுபோல.

கோடு வரைய இரண்டு மணி நேரம் வேண்டும், திரை போட வேண்டும், உள்ளே யாரும் வரக்கூடாது என்று கேட்டு வாங்கினான். பெட்டியைத் திறந்தான். வயது போடுவது அவன் தொழிலில் ஒரு தனி வித்தை. தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, ரப்பர் பாலைத் தடவி, மேலே மெல்லிய காகிதத்தை ஒட்டி, மறுபடி தடவி, காற்றடித்துக் காயவைத்து விரலை எடுத்தால், இழுத்த தோல் சுருங்கும்போது சுருக்கம் சுருக்கமாக விழும். நாற்பத்தெட்டு வருஷத்தில் அந்த முகத்துக்கு அதைச் செய்ய ஒரு தயாரிப்பாளரும் விட்டதில்லை. இழுக்க இழுக்க அது சிரித்தது. கன்னத்தை இழுத்தால் சிரித்தது, நெற்றியை இழுத்தால் சிரித்தது, அந்தச் சிரிப்பில் பால் வெடித்து உரிந்தது. “சும்மா இருடா சனியனே” என்றான் சாரங்கன். வாழ்நாளில் அவரை டா போட்டது அதுதான் முதல்தடவை. மூக்கில் அடைத்துக்கொண்ட பஞ்சையும் தாண்டி வாடை தொண்டையில் இறங்கியது. இரண்டு முறை திரும்பி வாளியில் வாந்தி எடுத்தான், வாயைக் கொப்பளித்தான், மறுபடி குனிந்தான். கடைசியில் இடது உதட்டோரத்தைக் கட்டைவிரலால் கீழே இழுத்து, மீசை ஒட்டும் பசையை வைத்து, முழுசாக இருநூறு எண்ணும்வரை அழுத்திக்கொண்டிருந்தான். எடுத்தபோது உதடு ஏறவில்லை. கட்டிலில் எண்பத்தொரு வயதுக் கிழவர் ஒருவர் கிடந்தார், கண்ணை மட்டும் மிரள மிரள உருட்டிக்கொண்டு.

பதினொரு மணிக்குத் திரையை விலக்கினான்.

வரிசையில் முதலில் நின்றவள் அந்தப் பச்சைப் புடவை அம்மாள்தான். ஐந்தாம் தடவையாக வந்திருந்தாள். உற்றுப் பார்த்தாள், ஓர் அடி பின்வாங்கினாள், பின்னால் நின்றவர் காலை மிதித்தாள்.

“சீ! யாரிது?”

அந்தச் சீ வரிசையோடு போனது. மண்டபத்தைத் தாண்டி, படியிறங்கி, தெருவில் திரும்பி, எட்டு கிலோமீட்டரும் போனது. கிழவனைப் போட்டு ஏமாத்தறாங்க என்றது ஒரு குரல். நாம பாத்ததெல்லாம் இதுவா என்றது இன்னொன்று. அப்புறம்தான் அது நடந்தது: அவர்களுக்கு நாற்றம் அடித்தது. ஆறு நாளாக அதில் குளித்து, அதைச் சுவாசித்து, அதற்கு நடுவே நின்று சந்தேஷ் தின்றவர்கள், ஒரே சமயத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன நாற்றம், என்ன நாற்றம், பிணத்தை இப்படியா போட்டு வைப்பார்கள், இந்த ஊரில் கேட்பாரே இல்லையா என்று கத்தினார்கள். மாலை போட்டவர்கள் வந்து தம் மாலைகளை விரல் நுனியால் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றரை மணி நேரத்தில் தெரு காலி. மந்திரியின் கார் எப்போது போனதென்றே தெரியவில்லை.

ஹாபுல் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பத்தடி தள்ளி நின்றார். “என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“வயசு போட்டேன்.”

“முதல்ல இதை எடுத்துட்டுப் போங்க. பந்தல்ல நாலு நல்லவங்க வர்ற நேரம்.”

முனிசிபாலிட்டி வண்டியில் கேவ்ராதலா மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். சுலேகா, சாரங்கன், வண்டியோட்டி, அவசரத்தில் பிடித்துவந்த ஒரு புரோகிதர், நாலே பேர். வழி நெடுக தாக்குச் சத்தம். வழி நெடுக மற்ற நடிகர்களின் முகங்கள் பலகைகளில். லேன்ஸ்டவுன் ரோட்டுத் திருப்பத்தில் சாரங்கன் குனிந்து பார்த்தபோது கண் உருளுவது நின்றிருந்தது, இமைகள் பாதி இறங்கியிருந்தன. பார்ப்பதற்கு ஆளில்லாமல் ஒரு மணி நேரம் இருந்ததில் முகம் செத்துவிட்டிருந்தது.

மயானத்தில், மின் அடுப்புக்குள் தள்ளுவதற்கு முன், முறைகள் சிலது உண்டு. உடம்பு முழுக்க நெய் தடவ வேண்டும், பிறகு சணல் குச்சிக் கட்டைக் கொளுத்தி வாயில் நெருப்பு வைக்க வேண்டும். புரோகிதர் நெய்க் கிண்ணத்தை நீட்டினார். சாரங்கன் சட்டென்று அதைக் கையால் மறைத்தான்.

“நெய் பட்டா பூச்சு உரிஞ்சு வந்துடும் பௌதி. முகம் அப்படியே வெளிய வந்துடும். வண்டிக்காரன் ஒரு சத்தம் போட்டா போதும், ஊரே திரும்ப வந்துடும். முகத்தை விட்டுட்டுத் தடவுங்க.”

“ஆறு நாளா எல்லாரும் அதைத்தான் பண்ணீங்க. அவரை அவரோட முகத்தை விட்டுப் பிரிக்கறதை” என்றாள் சுலேகா. “தள்ளு.”

நெய்யை அள்ளி நெற்றியிலிருந்து தொடங்கினாள். ரப்பர் பால் இளகிச் சுருண்டு, பிசிர் பிசிராக அவள் விரல்களில் ஏறியது. அவள் அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேலும் தேய்த்தாள். நெற்றி, கன்னம், மூக்கு. சாரங்கன் கண்ணை மூடிக்கொண்டான். வெண்ணெய்க் கன்னம், முப்பத்துமூன்று வயது, அந்தச் சிரிப்பு. அவனுக்கு ஊரின் காலடிச் சத்தமே கேட்டுவிட்டது.

“பாரு” என்றாள் அவள்.

பூச்சுக்கு அடியிலும் கிழவர்தான் இருந்தார். கோட்டைக் காணவில்லை. கழுத்தின் தோல் தடையில்லாமல் தாடையில் ஏறி, கன்னத்தில் தொங்கி, நெற்றிவரை ஒரே வயதாகப் போயிருந்தது. ஆனால் சாரங்கன் போட்ட கிழவர் இல்லை இவர். அவன் போட்டது ஒரு நல்ல கிழவரை. தெரியாமலே தன் அப்பாவின் சாயலையும் ஓர் அமைதியையும் யாரையும் குறைசொல்லாத ஒரு கனிவையும் அதில் போட்டிருந்தான். இந்தக் கிழவரிடம் அதெல்லாம் கிடையாது. மூக்குத் துவாரங்கள் விரிந்து, மேலுதடு வலப்பக்கம் சுருண்டு பல் தெரிய, பாதி மூடிய கண்கள் ஓரமாக ஒதுங்கி, ஊசிப்போன சோற்றை யாரோ மூக்குக்கு நேரே காலமெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது போன்ற முகம். அருவருப்பு. ஒவ்வொரு சுருக்கமும் அதற்காகவே விழுந்திருந்தது. புரோகிதர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். சாரங்கன் அதன் கண்ணில் படாமலிருக்கத் தலைமாட்டுக்குப் போனான், கால்மாட்டுக்குப் போனான், எங்கே போனாலும் அது அவனைத்தான் பார்த்தது.

“யாரைப் பாத்து பௌதி இப்படி?”

“எல்லாரையும்தான். உன்னை, என்னை, அவரையே.” சுலேகா நெய்க்கையால் அந்த உதட்டைத் தடவினாள், வீட்டுக்கு வந்தவரின் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல. “எதிர்ல உக்காந்து தினமும் சாப்பிட்டவ நான். என் கண்ணுக்குமா அந்தச் சிரிப்பு தெரியும்? இதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இவரோடதான் இருந்தேன். நீ தினமும் தொட்டியே, உனக்குத் தெரியலையா?”

சாரங்கன் குனிந்து, கூடவே கொண்டுவந்திருந்த மேக்கப் பெட்டியைத் திறந்து மூடினான்.

அவள் சணல் குச்சிகளைக் கொளுத்தி வாங்கிக்கொண்டாள். புரோகிதர் பெண்கள் வைப்பதைப் பற்றி ஏதோ முனகினார், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுடர் அந்த முகத்தை நெருங்கியது. வெளிச்சம் பட்டதும், சூட்டில் நெய் உருகி மேலுதட்டில் துளித்துளியாக வேர்வைபோல நின்றதும், சாரங்கனின் கை தானாக, அவனைக் கேட்காமலே, பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டு அதை ஒற்றப் போய்விட்டது.

சுலேகா இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒதுக்கினாள்.

“போதும், சாரங்க். அவர் பாட்டுக்கு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, வாயில் நெருப்பை வைத்தாள்.